காப்பகத்து விலங்குகளுக்கு வீடு தேடித் தர: புதிய தன்னார்வலருக்கு ஒரு வழிகாட்டி

விலங்குக் காப்பகத்துக்குப் போய் ஏதாவது உதவ வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே போன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கூண்டு கூண்டாக நின்று பார்த்து, மனம் கனத்து, அப்புறம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள் அவர்களில் பலர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே இருக்கும் விலங்கைப் பரிவோடு நடத்துவதும், அதற்கு வெளியே வீடு தேடுவதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான். பயந்துபோன நாய் கூண்டின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்க்க வந்தவர் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது: சுவரில் சாய்ந்தபடியோ, ஆட்கள் நிற்கும் பக்கம் பார்க்காமலோ, ஓயாமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டோ இருந்த நாய்கள் காப்பகத்தில் அதிக நாள் தங்கிப்போயின. யாருக்கு வீடு மிக அவசரமாகத் தேவையோ, அவையே பின்தங்குகின்றன. பயம் தணிந்தால்தான் ஒரு விலங்கின் சுபாவம் வெளியே தெரியும். சுபாவம் தெரிந்தால்தான் அது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று நாம் சொல்ல முடியும்.

முதல் நாளுக்கு முன்பு

நீங்களாக ஒரு திட்டம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். எந்த வேலைக்கு ஆள் குறைவாக இருக்கிறது என்று காப்பகத்தையே கேளுங்கள். தரை கழுவுவது, துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது என்று பதில் வந்தால் ஏமாற்றம் வேண்டாம். பணியாளர் ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரம் மிச்சமானால் அது விலங்குகளுக்குத்தான் போகும். குறைவாக ஒப்புக்கொண்டு அதைத் தவறாமல் செய்யுங்கள். வாரம் ஒரு நாள், குறிப்பிட்ட நேரம் என்றால் போதும்.

தொடங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயுற்றவையும் புதிதாக வந்தவையும் எங்கே இருக்கின்றன? புதியவர்கள் கையாளலாம் என்று அனுமதிக்கப்பட்ட விலங்குகள் எவை? கடித்தாலோ பிறாண்டினாலோ யாரிடம் சொல்ல வேண்டும்?

மூன்றாவதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும். நாய்களிடம் ரேபிஸ் இருக்கும் நாடுகளில் விலங்குகளை அடிக்கடி கையாளுகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடம் கேளுங்கள். கடியோ பிறாண்டலோ பட்டால் உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு குறைந்தது 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். முன்பே ஊசி போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. 'சொன்னால் நாய்க்குப் பிரச்சினை வருமே' என்று மறைக்கிற நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்தால் பிழைப்பது மிக மிக அரிது. தயவுசெய்து மறைக்காதீர்கள்.

அடுத்தது சுத்தம். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சுத்திகரிப்புத் திரவங்கள் பலவற்றுக்கு அது அசையாது. முதலில் கழிவை அகற்றிக் கழுவிவிட்டு, அப்புறம் சரியான அளவில் நீர் கலந்த பிளீச்சைத் தெளித்து, சுமார் 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். வேலை செய்யும் வரிசையும் முக்கியம்: ஆரோக்கியமான குட்டிகள் முதலில், பெரியவை அடுத்து, நோயுற்றவற்றைப் பிரித்து வைக்கும் தனிமைப் பகுதி கடைசியில். பாசத்தில் எல்லாக் குட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக் கொஞ்சும் கை, நோயையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போகும்.

கூண்டுக்கு முன்னால் நிற்பது எப்படி

நேருக்கு நேர் நின்று உற்றுப் பார்க்காதீர்கள். கம்பிக்குள் கையை விடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள்; அது வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை. எதையும் கேட்காமல் ஒரு மனிதர் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்துவிட்டுப் போவது அந்த நாய்க்குப் புதிய அனுபவமாகக்கூட இருக்கலாம்.

தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொள்வது, கண்ணின் வெள்ளை விழி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, வாலைக் காலிடுக்கில் இறுக்குவது, உடம்பு விறைத்து நிற்பது எல்லாம் 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்பதன் அடையாளங்கள். வால் ஆடினால் மகிழ்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு விறைப்பாக, வால் உயர்ந்து, வேகமாகத் துடித்தால் விலகி நில்லுங்கள். உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் நாய் தருகிற எச்சரிக்கை. அதற்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

பூனையிடம் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். காது தலையோடு படிந்திருந்தாலோ, வால் நுனி படபடத்தாலோ கையை நீட்டாதீர்கள். அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். அப்படிச் செய்யும் அறிமுகமில்லாதவரை நெருங்கப் பூனைகள் கூடுதலாக முன்வந்தன என்று 2020-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அருகில் வந்தால் கன்னத்திலும் தாடையிலும் மட்டும் தடவி, சில நொடிகளில் நிறுத்துங்கள். தலையை மறுபடி கையில் முட்டினால் தொடரலாம்.

கூண்டுக்குள் கழியும் பகலும் இரவும்

பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய பிரிட்டனில் அமைக்கப்பட்ட பிராம்பெல் குழு 1965-இல் ஓர் அறிக்கை தந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று 'ஐந்து சுதந்திரங்கள்' என்று சொல்லப்படுவது: பசி தாகம் இல்லாமல், அசௌகரியம் இல்லாமல், வலியும் நோயும் இல்லாமல், பயமும் தவிப்பும் இல்லாமல், தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் வாய்ப்போடு ஒரு விலங்கு வாழ வேண்டும். முதல் மூன்றையும் கவனிக்கவே காப்பகப் பணியாளர்களின் நேரம் தீர்ந்துவிடுகிறது. தன்னார்வலர்களின் கை அதிகம் உதவக்கூடியது கடைசி இரண்டில்தான்.

சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கூடங்களில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது அளந்து பார்த்து உறுதி செய்யப்பட்ட விஷயம். நம்மைவிடக் கூர்மையான காது உள்ள உயிர்கள் அதற்குள் நாள் முழுக்க இருக்கின்றன. ஒவ்வொரு கூண்டுக்கு வெளியிலும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் நாய்த்தீனியை மாட்டி வையுங்கள். கடந்து போகிறவர்கள் எல்லோரும் ஒரு துண்டை உள்ளே போட வேண்டும், அவ்வளவுதான். குரைக்கிற நாய்க்கும் போட வேண்டும். குரைப்புக்குப் பரிசு கொடுப்பதாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆள் வந்தால் நல்லது நடக்கும் என்று நாய்க்குப் புரிந்த பிறகு, குரைத்துப் பாய்கிற பழக்கம் குறைவதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். பார்வையாளர் வரும்போது முன்னால் வந்து நிற்கவும் அது இப்படித்தான் பழகும். செலவில்லாமல் இவ்வளவு பலன் தரும் வேறொரு வேலை காப்பகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூக்குக்கும் வேலை கொடுங்கள். நடக்கக் கூட்டிப் போனால் தூரத்தைக் கணக்கிடாமல், நின்று மோந்து பார்க்க விடுங்கள். வெளியே போக முடியாத நாளில் கசக்கிய காகிதத்துக்குள்ளோ அட்டைப்பெட்டிக்குள்ளோ தீனியை ஒளித்து வைத்துத் தேட விடலாம். கதவைத் திறக்குமுன் கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அதற்கு மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸும் மாட்டி, பட்டைக்கு ஒன்று, ஹார்னஸுக்கு ஒன்று என்று இரண்டு வார் (பிடித்து நடத்தும் கயிறு) போடுவது நல்லது.

பூனைக்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வேண்டும். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், அட்டைப்பெட்டி கிடைத்தவை கிடைக்காதவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. 'பெட்டிக்குள் இருந்தால் பார்க்க வருகிறவர் கண்ணில் படாதே' என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். ஒளிய இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பூனைதான் தானாக வெளியே வந்து உட்காரும். உடம்புக்கும் இதில் லாபம் உண்டு. பூனைகளின் ஹெர்ப்பிஸ் வைரஸ் உடலுக்குள் தூங்கிக் கிடந்து, பதற்றம் கூடும்போது கிளம்பும். தும்மலும் கண்ணீரும் அப்போதுதான் ஆரம்பிக்கும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எல்லாத் துணியையும் ஒரே நாளில் மாற்றாமல், அழுக்கில்லாத ஒன்றை விட்டு வையுங்கள். அதன் சொந்த வாசனை அதற்கு ஆறுதல்.

அப்புறம், ஓய்வு. பார்வையாளர் இல்லாமல், விளக்கு மங்கலாக, யாரும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் தினமும் வேண்டும். ஆசையோடு வருகிற புதியவர்கள் மறப்பது பெரும்பாலும் இதைத்தான்.

பயிற்சி தருவதென்றால் அடி, வாரை வெட்டி இழுப்பது, அதட்டல் எதுவும் கூடாது. தண்டனை வழியில் பழக்கும் பள்ளிகளில் இருந்த நாய்கள் பரிசு வழியில் பழகியவற்றைவிட அதிகப் பதற்றம் காட்டின என்று போர்ச்சுகலில் 92 நாய்களைக் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கதவு திறக்குமுன் உட்காருவது, பெயர் சொன்னால் திரும்புவது என்று ஒன்றிரண்டு போதும். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம்.

ஓரிரு இரவு வெளியே

உங்கள் காப்பகம் அனுமதித்தால், ஒரு நாயை ஓரிரு இரவு வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். வீட்டைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூண்டில் விடுவது கொடுமை என்று பலர் தயங்குவார்கள். அமெரிக்காவில் 5 காப்பகங்களில் 207 நாய்களிடம் இதைச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். வெளியே தங்கிய நாட்களில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு குறைந்தது. திரும்பிய பின் அது பழைய அளவுக்கு வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. அந்த நாய்க்கு அது ஓய்வு. நமக்கோ அது தகவல். தனியாக விட்டால் அழுகிறதா, படியேறுகிறதா, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதா என்பதெல்லாம் கூண்டுக்கு முன் எத்தனை நாள் நின்றாலும் தெரியாது.

குறிப்பு எழுதுவதும் படம் எடுப்பதும்

'பாசமான நாய், நல்ல வீடு தேவை' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'பெண், சுமார் 4 வயது, நடுத்தர உயரம். புதியவர்களைக் கண்டால் முதலில் பின்வாங்கும். உட்கார்ந்து காத்திருந்தால் தானாக வந்து கையை மோந்து பார்க்கும். வாரில் இழுக்காமல் நடக்கும். சைக்கிளைப் பார்த்தால் குரைக்கும். இப்போது பழக்கி வருகிறோம். மற்ற நாய்களோடு நன்றாக இருக்கிறது. பூனைகளோடு விட்டுப் பார்க்கவில்லை.'

கடைசி வாக்கியம் மிக முக்கியம். தெரியாததைத் தெரியாது என்று எழுதினால், தெரியும் என்று எழுதியதை நம்புவார்கள். குறையை மறைத்துக் கொடுத்த விலங்கு பெரும்பாலும் திரும்பி வரும்.

இனத்தை ஊகித்து எழுதாதீர்கள். பார்த்துச் சொல்லும் இனம் பல நேரம் தப்பாகிறது. அதோடு, மக்கள் பயப்படும் ஓர் இனத்தின் பெயரை ஒட்டினால் அந்த நாய் காத்திருக்கும் காலம் நீள்கிறது. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு காப்பகம் கூண்டுகளில் இருந்த இனப்பெயர்களை எடுத்துவிட்ட பின் தத்தெடுப்பு கூடியதைக் காட்டினார்கள். உயரம், வயது, சுறுசுறுப்பு, சுபாவம் இவற்றை எழுதினால் போதும்.

ஒரு விலங்கு பட்ட கொடுமைகளை விவரித்து எழுதுவதையும் நான் ஆதரிப்பதில்லை. பரிதாபத்தில் நிறையப் பேர் கூப்பிடுவார்கள். ஆனால் நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். பூனை பதினைந்தையும் தாண்டும். அத்தனை காலமும் பரிதாபம் தாங்காது. 'இதோடு வாழ்வது இப்படித்தான் இருக்கும்' என்று காட்டுங்கள்.

படத்துக்கு: கம்பிக்குப் பின்னால் எடுக்க வேண்டாம். வெளியே கொண்டுபோய், விளையாடி முடித்து வாய் லேசாகத் திறந்திருக்கும் நேரத்தில், அதன் கண்மட்டத்துக்கு நீங்கள் குனிந்து, கண் காமிராவைப் பார்க்கும்போது எடுங்கள். வெளிப்புறத்தில் எடுத்ததும், கண் நேரே பார்ப்பதும், தெளிவாக இருப்பதுமான படங்கள் உள்ள நாய்கள் சீக்கிரம் வீடு போயின என்று 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கறுப்பு நாய், கறுப்புப் பூனைக்கு ஃபிளாஷ் போடாமல், நிழலில் நிறுத்தி, முகத்தில் வெளிச்சம் விழும்படி எடுங்கள். பதிவில் தேதி போடுங்கள். வீடு கிடைத்ததும் அந்தச் செய்தியையும் சேர்த்துவிடுங்கள்; இல்லாவிட்டால் போன விலங்குக்கே மாதக்கணக்கில் அழைப்பு வந்துகொண்டிருக்கும்.

எடுத்துக்கொள்ள வருகிறவரோடு

விசாரணை செய்வது போலக் கேட்டால் வந்தவர் சரியான பதில்களை மட்டும் சொல்வார். 'உங்கள் வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?' என்று ஆரம்பியுங்கள். எத்தனை மணி நேரம் வீடு காலியாக இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடென்றால் உரிமையாளர் ஒப்புக்கொண்டாரா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் பேச்சிலேயே வந்துவிடும். வளர்க்கப்போகிறவர் நேரில் வரட்டும்.

நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர் நாய்க்குட்டி கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்காதீர்கள். குட்டிக்குப் பகலெல்லாம் ஆள் வேண்டும் என்று விளக்கி, வளர்ந்த அமைதியான நாயையோ இரண்டு பூனைகளையோ காட்டுங்கள். வயதான விலங்குகளுக்காக நீங்கள்தான் வாய் திறந்து பேச வேண்டும். அவற்றின் சுபாவம் ஏற்கெனவே தெரிந்தது, எதிர்பாராத திருப்பம் குறைவு. ஒன்றை ஒன்று பிரியாத ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

சந்திப்பைச் சத்தமில்லாத சின்ன இடத்தில் வையுங்கள். பார்க்க வந்தவரோடு விளையாடிய, அவர் அருகில் வந்து படுத்த நாய்களைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் ஆய்வில் தெரிந்தது. அதனால் அந்த நாய்க்குப் பிடித்தது என்று உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு பொம்மையை மட்டும் கொண்டுபோங்கள். நீங்கள் வந்தவருக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள். உங்களைத் தேடி வரும் நாய் அவரருகில் வந்து படுக்கும்.

கட்டணம் வாங்கினால்தான் பொறுப்பாக வளர்ப்பார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வளர்ந்த பூனைகளைக் கட்டணமின்றி எடுத்தவர்களுக்கும் பணம் கொடுத்து எடுத்தவர்களுக்கும் பாசத்தில் வித்தியாசம் இல்லை என்று 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். வந்தவரோடு உட்கார்ந்து பேசும் இந்தப் பேச்சை மட்டும் தள்ளுபடி செய்யக் கூடாது.

கொடுக்குமுன் கருத்தடை முடிந்திருக்க வேண்டும். பெண் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படலாம். ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். 'பிறகு செய்துகொள்கிறோம்' என்ற வாக்கு பல நேரம் புதிய குட்டிகளாகக் காப்பகத்துக்கே திரும்பி வருகிறது. குட்டிகளைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. நாய்க்குட்டித் தடுப்பூசி 16 வாரம் வரையாவது சில வார இடைவெளியில் தொடர வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த 15 இலக்க எண்ணோடு புதிய வீட்டாரின் தொலைபேசி எண் பதிவாகிவிட்டதா என்று அங்கேயே பாருங்கள்; பதிவில்லாத சிப்பால் பயனில்லை.

வீட்டுக்குப் போன பிறகு

முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் 'இது என் வீடு' என்ற நிம்மதி. இது தோராயக் கணக்குதான்; சில விலங்குகளுக்கு இன்னும் நாளாகும். ஆனாலும் வீட்டாரிடம் சொல்லி அனுப்புங்கள். இரண்டாம் நாளே 'ஒட்டவே மாட்டேன் என்கிறது' என்று மனம் தளர்ந்துவிடுவார்கள்.

நேரே வீட்டுக்கு, ஒரே அறைக்கு. உறவினரை அழைத்துக் காட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் பிறகு. காப்பகத்தில் சாப்பிட்ட அதே தீனியைக் கொடுத்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றலாம். கதவும் வாரும் முதல் நாட்களில் இரட்டைக் கவனத்தோடு இருக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டையும் வெளியே, பொதுவான இடத்தில் சந்திக்க வைத்து ஒன்றாக உள்ளே கூட்டி வரலாம். பூனை ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பட்டினி பூனையின் கல்லீரலைக் கெடுக்கும்.

இதையும் தாளில் எழுதிக் கொடுங்கள்: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த இனிப்பு ஆகியவை நாய்க்கு ஆகாது. பூனைக்கு லில்லிச் செடியும் பாராசிட்டமால் மாத்திரையும் உயிரையே எடுக்கும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவக் கூடாது.

மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம் என்று நீங்களே அழைத்துப் பேசுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். 'எது கஷ்டமாக இருக்கிறது?' என்று கேளுங்கள். இரவில் அழுகிறது, செருப்பைக் கடிக்கிறது என்று சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் சரிசெய்ய வழி உண்டு.

சில விலங்குகள் திரும்பி வரத்தான் செய்யும். கொண்டுவந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவமானப்பட்டுப் போகிறவர் அடுத்த முறை காப்பகத்துக்கு வராமல் தெருவில் விட்டுவிடுவார். அவரை உட்கார வைத்து, அந்த வீட்டில் அது எப்படித் தூங்கியது, எதற்குப் பயந்தது, யாரோடு ஒட்டியது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, அது தனியாக இருக்க முடியாத நாய் என்று இப்போது தெரிந்திருக்கும். பகலில் ஆள் இருக்கும் வீடு எது என்று தேட ஆரம்பிக்கலாம்.